கன்னத்துக்குள் ஒரு மஞ்சள் உருண்டை

வாயில் வரும் கொழுப்புக் கட்டிக்குப் பல் மருத்துவப் பாடநூல்கள் ஒதுக்கும் இடம் அரைப் பக்கம்தான். வலிக்காது, மெதுவாக வளரும், தொட்டால் மெத்தென்று இருக்கும், எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப வராது. தேர்வில் மதிப்பெண் வாங்க இவ்வளவு போதும். மதுரையில் வாய், முகத்தாடை அறுவை மருத்துவராக வேலைக்கு வந்த பிறகுதான் அந்த அரைப் பக்கத்தில் எழுதாமல் விட்டவை எத்தனை என்று புரிந்தது. கட்டியை வெளியே எடுப்பது சுலபம். பக்கத்தில் ஓடும் உமிழ்நீர்க் குழாய், கட்டியைப் போலவே மஞ்சளாக இருக்கும் கன்னத்தின் சொந்தக் கொழுப்பு, ஆய்வுக்கூடத்துக்கு எழுதி அனுப்பும் சீட்டு, யாரும் பார்க்கச் சொல்லாத மறு கன்னம் என்று கவனம் போக வேண்டிய இடங்கள் எல்லாம் கட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன.

முதுகிலும் தோளிலும் முன்கையிலும் கொழுப்புக் கட்டி சர்வசாதாரணம். சட்டைக்குள் அப்படி ஒன்றைப் பல வருடமாக வளர்த்துக்கொண்டிருக்கும் பெரியப்பா ஒருவர் அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். வாய்க்குள் மட்டும் அது அரிது. வாயில் வரும் தீங்கற்ற கட்டிகளில் 100க்கு 1 முதல் 4 வரைதான் இந்த வகை. 1848இல் ரூ என்ற மருத்துவர் ‘மஞ்சள் எபுலிஸ்’ (எபுலிஸ் என்றால் ஈறில் வரும் கட்டி) என்று எழுதிவைத்ததை வாய்க் கொழுப்புக் கட்டியின் முதல் பதிவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. உள்கன்னத்தில் அதிகம், நாக்கு, நாக்குக்குக் கீழே இருக்கும் வாயின் அடித்தளம், உதடு ஆகிய இடங்களிலும் வரும். பெரும்பாலானவை 3 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைப் பதில் இல்லை. பல கட்டிகளில் 12ஆவது குரோமோசோமில் மாற்றம் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டதால் வந்தது, அடிபட்டதால் வந்தது என்பவை சிலருக்குப் பொருந்தலாம், எல்லாருக்கும் பொருந்தாது.

இந்தக் கட்டி விஷயத்தில் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தவர் மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு நாகஸ்வரக் கலைஞர். நாற்பதைத் தாண்டிய வயது. வலது கன்னத்தின் உட்புறத்தில் 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உருண்டை. பல வருடமாக இருக்கிறது, வலி இல்லை, ரத்தம் இல்லை என்றார். வாசிக்கும்போது கன்னம் உப்புமல்லவா, அப்போது அந்த இடம் மட்டும் தனியாகப் புடைத்து வெளியே தெரியும். ஒரு கல்யாண வீட்டு வீடியோவில் தன் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அது உறுத்தத் தொடங்கியிருக்கிறது. ஆனால் அவர் பயந்தது கட்டிக்கு அல்ல. “எடுத்தால் காற்று கசியுமா டாக்டரம்மா?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

பரிசோதனை நாற்காலியில் உட்காரவைத்து நல்ல வெளிச்சத்தில் பார்த்தேன். கன்னத்தின் உள்தோல் மேலே இழுபட்டு மெலிந்து, அடியில் மஞ்சள் நிறம் தெரிந்தது. மெல்லிய ரத்தநாளங்கள் குறுக்கே ஓடின. ஒரு விரலை வாய்க்குள்ளும் இன்னொரு விரலைக் கன்னத்தின் வெளியிலும் வைத்து மெதுவாக அழுத்தினால் உருண்டையின் விளிம்பு விரலுக்குப் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கும் விளிம்பு, மஞ்சள் நிறம், மெத்தென்ற தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் கொழுப்புக் கட்டி என்று பாதிக்கு மேல் தீர்மானித்துவிடலாம். ஆழத்தில் இருக்கும் கட்டியில் மஞ்சள் நிறம் தெரியாது. மேலே இருக்கும் தோல் சாதாரண இளஞ்சிவப்பாகவே இருக்கும். அந்த மாதிரிக் கட்டிகளில்தான் ஆள் ஏமாறுவது.

அப்படி ஏமாற்றக்கூடியவை பல. கீழுதட்டில், அதுவும் இளவயதுக்காரர்களுக்கு, நீலம் பாய்ந்த குமிழ் ஒன்று வந்து, உடைந்து, மறுபடி நிரம்பினால் அது பெரும்பாலும் உமிழ்நீர் தேங்கிய கொப்புளம். கொழுப்புக் கட்டி உடையாது, காலையில் சிறிதாகவும் மாலையில் பெரிதாகவும் மாறாது. பல் கடிக்கும் கோட்டில் கெட்டியாக, இளஞ்சிவப்பாக நிற்பது திரும்பத் திரும்பக் கடிபட்டதால் வரும் நார்க்கட்டி. அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவப்பது ரத்தநாளக் கட்டி. அதில் தெரியாமல் கத்தி வைத்தால் அன்றைய நாள் நீளமானதாகிவிடும். நாக்குக்கு அடியில் பிசைந்த மாவைத் தொடுவது போலிருந்தால் தோல் செல்கள் உள்ளே சிக்கி உருவாகும் டெர்மாய்டு நீர்க்கட்டியை நினைக்க வேண்டும். நான் அதிகம் சந்தேகப்படுவது சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வரும் கட்டிகளைத்தான். அண்ணத்திலோ கன்னத்திலோ கெட்டியாக, நகராமல் உட்கார்ந்திருக்கும் கட்டியைக் ‘கொழுப்பாக இருக்கும்’ என்று சொல்லி யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது.

இன்னொரு வகையினரும் வருவார்கள். செல்போன் விளக்கில் தங்கள் வாயைத் தாங்களே படம் எடுத்து, உள்கன்னத்தில் வரிசையாக இருக்கும் மஞ்சள் புள்ளிகளைக் காட்டிக் கலங்கும் கல்லூரிப் பிள்ளைகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். மிகப் பெரும்பாலானோர் வாயில் இருப்பவைதான். மருந்து வேண்டாம், கத்தி வேண்டாம், அந்தப் படத்தை நண்பர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கவும் வேண்டாம்.

நாகஸ்வரக் கலைஞரிடம் கொழுப்புக் கட்டியாக இருக்கலாம் என்றதும் அடுத்த கேள்வி வந்தது. இது எல்லா நோயாளியும் கேட்பதுதான்: கறியை நிறுத்தினால், எண்ணெயைக் குறைத்தால் கரையுமா? மதுரையில் கறிதோசையை விடச் சொல்வது சின்ன விஷயமல்ல. நல்லவேளை, விடச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இந்தக் கட்டிக்குள் இருக்கும் கொழுப்பு உடம்பின் பொதுக் கணக்கில் சேராதது. ஆள் பட்டினி கிடந்து இளைத்தாலும் கட்டி இளைக்காது. உடம்பு வற்ற வற்ற அது இன்னும் எடுப்பாகத் தெரியும். ஒல்லியானவர்களுக்கும் வரும். இதயத்துக்காகவோ சர்க்கரைக்காகவோ உணவைக் குறைப்பது வேறு விஷயம்.

ஸ்கேன் பற்றி என் கருத்து கொஞ்சம் கஞ்சத்தனமானது. உள்தோலுக்கு நேர் அடியில், சிறியதாக, எல்லை தெளிவாக இருக்கும் கன்னக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. அல்ட்ராசவுண்ட் எடுத்தால் போதும்; கட்டி திடமா நீரா, எவ்வளவு ஆழம், உள்ளே ரத்த ஓட்டம் அதிகமா என்பது தெரிந்துவிடும். ஆனால் கட்டி பெரிதாக இருந்தாலோ, வாயின் அடித்தளத்திலோ நாக்குக்குள்ளோ இருந்தாலோ, தாடைக்குக் கீழே கழுத்துவரை இறங்கியது போல் தோன்றினாலோ அங்கே கஞ்சத்தனம் கூடாது. சி.டி.யில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும். திசுவின் அடர்த்தியை எண்ணாகச் சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் மைனஸ் 50 முதல் மைனஸ் 150 வரை காட்டும். நீர் பூஜ்யத்தை ஒட்டியும் தசை பூஜ்யத்துக்கு மேலும் நிற்பதால் அந்த எண்ணே பாதி விடை. எம்.ஆர்.ஐ.யில் வெள்ளையாக ஒளிரும் பகுதி, கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படத்தில் இருண்டுபோகும். அப்படி இருளாமல் உள்ளே தடித்த நார்த் தடுப்புகளோ முடிச்சுகளோ தெரிந்தால் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்ற எண்ணத்தை ஒத்திவைக்க வேண்டும். ஊசியால் உறிஞ்சிப் பார்க்கும் பரிசோதனையை இந்தக் கட்டிக்கு நான் அதிகம் நம்புவதில்லை. கன்னத்தில் எங்கே குத்தினாலும் கொழுப்புத் துளி வரும். அது கட்டியினுடையதா, கன்னத்தினுடையதா என்று ஊசிக்குத் தெரியாது.

நாள் குறிப்பதுதான் பெரிய பஞ்சாயத்தாக இருந்தது. ஆனி முடியும்வரை முகூர்த்தங்கள். ஆடியில் கல்யாணம் கிடையாது, ஆனால் அம்மன் கோயில்களில் வாசிப்பு உண்டு. கடைசியில் கோயில் வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு ஆடி முதல் வாரத்தில் வருவதாகச் சொன்னார். ஆவணி முகூர்த்தத்துக்குள் அவர் முழுதாக வாசிக்க வேண்டும். இப்படிப்பட்ட கணக்கைச் சில மருத்துவர்கள் தொந்தரவாக நினைக்கிறார்கள். வலியோ வேக வளர்ச்சியோ இல்லாத கட்டி சில வாரம் காத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. நோயாளியின் பிழைப்பைக் கேட்டு நாள் வைத்தால் அவர் சொன்ன நாளில் வருவார், சொன்ன ஓய்வையும் எடுப்பார்.

அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படவில்லை. லிக்னோகெய்ன் 2 சதவீதம், 80,000க்கு 1 என்ற அளவில் அட்ரினலின் சேர்த்தது. பல் எடுக்கப் போடும் அதே ஊசிதான். கன்னத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பை முதலில் மரத்துப்போகச் செய்து, பிறகு கட்டியைச் சுற்றிலும் கொஞ்சம் போட்டேன். கட்டிக்குள் போடக் கூடாது. மருந்து உள்ளே போனால் உருண்டை வீங்கி, கட்டியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும் சதைக்கும் இடையே இருக்கும் எல்லை குழம்பிவிடும்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மேல் கடைவாயின் இரண்டாவது பெரிய பல்லுக்கு நேரே, உள்கன்னத்தில் ஒரு சிறு முகடு தெரியும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் வாய்க்குள் திறக்கும் இடம் அது. பஞ்சுத் துணியால் கன்னத்தை உலர்த்திவிட்டு, வெளியிலிருந்து சுரப்பியை முன்னோக்கி நீவினால் அங்கே ஒரு சொட்டு உமிழ்நீர் துளிர்க்கும். இவருடைய கட்டி அந்த முகட்டுக்குக் கீழே, நெருக்கமாகவே இருந்தது. அதனால் குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உறுதி செய்துகொண்டேன். குழாயை அறுத்துவிட்டால் சாப்பிடும்போதெல்லாம் கன்னம் வீங்கும். சாதுவான கட்டிக்குச் செய்யும் வைத்தியம் அதைவிடப் பெரிய தொல்லையை உண்டாக்கிவிடக் கூடாது. கட்டியின் கீழ் விளிம்பை ஒட்டி, பல்வரிசைக்கு இணையாக, உள்தோலின் கனத்துக்கு மட்டும் கீறல் போட்டேன்.

உள்தோல் விலகியதும் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அதற்குப் பிறகு கத்திக்கு வேலை குறைவு. கொசு ஃபோர்செப்ஸ் என்று நாங்கள் சொல்லும் சிறிய இடுக்கியின் மூடிய நுனியை நுழைத்து, மெதுவாகத் திறந்து, சதையை விலக்கிக்கொண்டே போக வேண்டும். நுங்கின் மேல்தோலைச் சதை கிழியாமல் உரிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்த வேலையின் பக்குவம் புரியும்: உறை அவ்வளவு மெல்லியது, அவசரப்பட்டால் கிழியும். கிழிந்தால் கொழுப்பு துண்டுதுண்டாக வரும். எங்கே கட்டி முடிந்தது என்ற கணக்கு தப்பும்.

கணக்கு தப்புவது கன்னத்தில் ஏன் பெரிய விஷயம் என்றால், கன்னத்தின் தசைக்கு அப்பால் எல்லாருக்கும் ஒரு கொழுப்புப் பொதி இருக்கிறது. குழந்தையின் கன்னம் புசுபுசுவென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதுவும் மஞ்சள்தான், அதுவும் மெத்தென்றுதான் இருக்கும். தசையில் சிறு திறப்பு விழுந்தால் போதும், அது வெளியே பிதுங்கி வரும். பிடித்து இழுத்தால் இன்னும் வரும். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பதைக் கட்டியின் மிச்சம் என்று நினைத்து வெட்டிக்கொண்டே போனால் கன்னம் ஒரு பக்கம் குழிந்துவிடும். அங்கே ஓடும் முகநரம்பின் கிளைகளுக்கும் ஆபத்து. என் வழக்கம் இதுதான்: உறைக்குள் இருப்பது கட்டி, உறையில்லாமல் தளர்வாக வழிவது நோயாளியின் சொத்து. வழிந்ததை உள்ளே தள்ளி, தசையை ஒரு தையலால் மூடிவிடுவேன். நாகஸ்வரக்காரருக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். கன்னத்தை உப்பவைத்துக் காற்றை அடக்கித் தள்ளுவது அந்தத் தசைதான். அதன் இழைகளைக் குறுக்கே வெட்டாமல் விலக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். கட்டி முழுசாக, உறை கிழியாமல் வெளியே வந்தது. ரத்தம் கசிந்த ஓரிரு இடங்களைச் சுட்டு நிறுத்தி, கரையும் தையல் போட்டேன்.

எல்லாமே இப்படி முழு உறையோடு இருப்பதில்லை. தசை இழைகளுக்கு நடுவே விரல் விட்டது போல் ஊடுருவும் வகை ஒன்று உண்டு. அதைச் சுற்றியிருக்கும் கொஞ்சம் தசையோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். திரும்ப வருவதும் அந்த வகையில்தான் அதிகம். ஸ்கேனில் அந்தச் சாயல் தெரிந்தால் அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். முன்னால் சொன்னால் அது தகவல். பின்னால் சொன்னால் சாக்குப்போக்கு.

எடுத்த கட்டியை, திசு கெடாமல் காக்கும் பார்மலின் திரவத்தில் போட்டால் அது மிதக்கும். செவிலியர் மாணவிகளுக்கு இதைக் காட்டும்போது ஒரு சிரிப்பு எழும். கொழுப்புக் கட்டிதான் என்பதற்கு மிதப்பதே சான்று என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. மிதப்பதால் அதில் கொழுப்பு இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லலாம். தீங்கற்றது என்று சொல்ல முடியாது. மிதப்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மேலே நிற்கும் பகுதி மருந்தில் நனையாமல் உலர்ந்து கெடும். எனவே கட்டியின் மேல் ஒரு துண்டு மெல்லிய துணியைப் போட்டு அமிழ்த்திவைக்க வேண்டும். பார்மலின், கட்டியின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு இருக்க வேண்டும். ஊசிமருந்து வந்த சின்னக் குப்பியில் திணித்து அனுப்பும் பழக்கத்தை இன்னும் பார்க்கிறேன், எரிச்சலாக வருகிறது.

அதைவிட முக்கியம் கூடவே போகும் சீட்டு. ஒருமுறை நோய்க்கூறியல் மருத்துவரான ஒரு மூத்த அக்கா தொலைபேசியில் சொன்னது இது: “நீ அனுப்பியதில் நான் பார்ப்பது கொழுப்புச் செல்கள். உன் கன்னத்தில் ஒரு துண்டு எடுத்தாலும் இதேதான் தெரியும். அது உருண்டையாக இருந்ததா, உறை இருந்ததா, எந்த ஆழத்தில் இருந்தது என்று நீ எழுதாவிட்டால் நான் எதை வைத்துக் கட்டி என்று சொல்வது?” முற்றிலும் உண்மை. நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடிச் சில்லு தயாரிக்கும்போது ஆல்கஹாலிலும் சைலீனிலும் கொழுப்பு கரைந்து போய்விடுகிறது. நுண்ணோக்கியில் தெரிவது காலியான அறைகளும், ஓரத்துக்கு ஒதுங்கிய கருக்களும் மட்டுமே. சாதாரணக் கொழுப்புக்கும் கொழுப்புக் கட்டிக்கும் அங்கே வித்தியாசம் கிடையாது. அதனால் இடம், அளவு, எத்தனை நாளாக இருக்கிறது, உறை முழுசா, தசைக்கு உள்ளேயா வெளியேயா, ஸ்கேன் என்ன சொன்னது என்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என் கையெழுத்தைப் பற்றி அந்த அக்காவுக்கு இன்னும் புகார் இருக்கிறது. அது தனிக் கதை.

“கொழுப்புதானே, எதற்கு இன்னொரு செலவு?” என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் மாறுவதில்லை: உடம்பிலிருந்து எடுத்தது எதுவானாலும் பரிசோதனைக்குப் போக வேண்டும். கொழுப்பிலிருந்து வரும் புற்றான லிப்போசர்கோமா வாயில் மிக மிக அரிது. ஆனால் அதன் தொடக்க வகை வெளிப்பார்வைக்கு அப்பாவியான கொழுப்புக் கட்டியைப் போலவே இருக்கும். சந்தேகம் எழுந்தால் எம்.டி.எம்.2 என்ற மரபணு பெருகியிருக்கிறதா என்று சோதித்துப் பிரித்துச் சொல்கிறார்கள். கலைஞருடையது ஃபைப்ரோலிப்போமா என்று வந்தது. கொழுப்புக்கு இடையே நார்த்திசு கலந்த வகை, தீங்கற்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்பவை எளியவை. அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருக்க வேண்டும், துப்பக் கூடாது, முதல் நாள் கன்னத்துக்கு வெளியே ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்பு நீரில் மெதுவாகக் கொப்பளிப்பு. மரத்துப்போன நேரத்தில் சாப்பிட்டால் தன் கன்னத்தையே கடித்துக்கொள்வார்கள். உணர்ச்சி திரும்பும்வரை மெல்லும் உணவு எதுவும் கூடாது. பிறகு ஆறின இட்லி, மோர் சாதம், கூழ். ஜிகர்தண்டா குடிக்கலாமா என்று கேட்காத மதுரைக்காரரை நான் பார்த்ததில்லை. தாராளமாகக் குடிக்கலாம், குழல் மட்டும் வேண்டாம், உறிஞ்சினால் ரத்தக்கசிவு தொடங்கலாம். நாகஸ்வரக் கலைஞருக்குக் கூடுதலாக ஒரு நிபந்தனை: மூன்று நான்கு வாரம் ஊதக் கூடாது, பிறகு சாதகம் கொஞ்சம் கொஞ்சமாக. ஆவணியில் வாசித்தார். காற்று கசியவில்லை.

பல்செட் சரியாக உட்காரவில்லை என்று வந்த ஒரு பெரியவருக்கும் காரணம் இதே கட்டிதான். கீழ்த்தாடையில், உதட்டுக்கும் எலும்புக்கும் நடுவே பல்செட்டின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் அது வளர்ந்திருந்தது. பல்செட்டை இரண்டு முறை ராவிக் கொடுத்திருக்கிறார்கள். விரலை விட்டுத் தடவிப் பார்த்திருந்தால் விஷயம் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் கீழுதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருகிறது. அறுத்தால் உதடு நிரந்தரமாக மரத்துப்போகும். அவரிடம் எனக்குப் பதற்றம் தந்தது கட்டியல்ல. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், ‘அறுவைக்கு முன் நிறுத்த வேண்டும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைகளைத் தானாகவே நிறுத்திவிட்டு வந்திருந்தார். அன்று அறுவையை ஒத்திவைத்து, நேரே அவருடைய இதய மருத்துவரிடம் அனுப்பினேன். வாய்க்குள் வரும் கசிவைத் தையலாலும் அழுத்தத்தாலும் நிறுத்திவிடலாம், ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது.

சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வெற்றிலைக் கொடிக்காலில் வேலை. அந்த ஊர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதைப் பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். இடது கன்னத்தில் உருண்டை, அதன் மேல் சிறு புண். மகன் என்னைத் தனியே அழைத்து, “புற்றாக இருந்தால் அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்” என்றார். உள்ளே வந்தால் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “எதுவாக இருந்தாலும் என் பிள்ளையிடம் சொல்லாதீர்கள், கடன் வாங்கிவிடுவான்” என்றார். இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேச வேண்டியிருந்தது. ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு வைத்தியம் பார்ப்பது எனக்கு வராத வித்தை.

புண்ணுக்குக் காரணம் பல். கட்டி பெரிதாகிக் கடிபடும் இடத்துக்கு வந்துவிட்டது. போதாததற்கு யாரோ சொன்னார்கள் என்று அதன் மேல் சுண்ணாம்பும் தடவியிருந்தார். வாயின் உள்தோல் சுண்ணாம்பைத் தாங்காது, வெந்துவிடும். புண்ணான கொழுப்புக் கட்டி பார்வைக்குப் பயமுறுத்தும், அதனால் அவர்கள் பயந்ததில் தப்பில்லை. தொட்டுப் பார்த்ததும் அடியில் இருப்பது மெத்தென்று வழுக்கியது. ஆனால் நான் வாயை அங்கேயே மூடச் சொல்லவில்லை. மறு கன்னத்தைப் பார்த்தேன். வலது பக்கம், வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடக்கிவைக்கும் இடத்தில், துடைத்தால் போகாத வெண்படலம். கொஞ்சம் சொரசொரப்பு. வலி இல்லை, எரிச்சல் இல்லை. அவருக்கு அது இருப்பதே தெரியாது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்த்தேன். மூன்று விரல் நுழைந்தது. பாக்குப் போடுபவர்களிடம் அதையும் பார்க்காமல் விடக் கூடாது, நாள்பட்ட பாக்குப் பழக்கத்தில் கன்னம் நாராகி வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும்.

இடது பக்கத்துக் கட்டியை எடுத்தேன். வலது பக்கப் படலத்திலிருந்து ஒரு துண்டும் எடுத்து இரண்டையும் தனித்தனிக் குப்பியில், பக்கத்தைத் தெளிவாக எழுதி அனுப்பினேன். கட்டி வெறும் லிப்போமா, அதாவது சாதாரணக் கொழுப்புக் கட்டி. படலத்தில் லேசான செல் மாற்றம். புற்று அல்ல, ஆனால் கவனிக்காமல் விட்டால் அந்தப் பக்கம் போகக்கூடியது. மகனுக்கு முதல் வரிதான் காதில் விழுந்தது. கட்டி போய்விட்டது, புற்று இல்லை, இனி எதற்கு வர வேண்டும் என்றார். கட்டியை விளக்க எடுத்ததைவிட அதிக நேரம் இந்த இரண்டாவது வரியை விளக்க எடுத்தேன். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே புற்றை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியிருக்கிறது என்றும் சொன்னேன். “பாக்கு இல்லாமல் என்ன வெற்றிலை?” என்று அந்த அம்மா கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

படலத்தைப் பிறகு தனியாக எடுத்தோம். எடுத்த இடத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன். புகையிலையை விட்டுவிட்டார், அதை நம்புகிறேன். பாக்கையும் விட்டுவிட்டதாகத்தான் சொல்கிறார். ஆனால் கடந்த முறை நாற்காலியில் ஏறும்போது இடுப்பிலிருந்த சுருக்குப் பையை மகனிடம் கொடுக்காமல் கைக்குள்ளேயே வைத்திருந்தார். அடுத்த முறை முதலில் அந்தப் பையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வதாக இருக்கிறேன்.